போட்ட கணக்கை மறுபடி போடாதே: பைத்தானில் விடைகளைச் சேமித்து வைப்பது

மாடிப்படி ஏறுகிறோம். ஒரு எட்டில் ஒரு படி ஏறலாம், இல்லை இரண்டு படி தாண்டலாம். 40 படிகளை எத்தனை விதமாக ஏறலாம்?

கடைசி எட்டை மட்டும் பாருங்கள். அது 39-ஆம் படியிலிருந்தோ 38-ஆம் படியிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். ஆக, அந்த இரண்டின் விடைகளையும் கூட்டினால் 40-க்கான விடை. 1 படிக்கு 1 வழி, 2 படிக்கு 2 வழி. இதை அப்படியே, தன்னையே அழைத்துக்கொள்ளும் ஒரு ஃபங்ஷனாக (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டு) எழுதுங்கள். ‘வழிகள்’ என்றே பெயர் வைக்கலாம்; பைத்தான் நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு தமிழ்ப் பெயர்களை ஏற்கும்.

5 கொடுத்தால் சட்டென்று 8 வரும். 40 கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். காத்துக்கொண்டே இருங்கள்!

சிக்கல் இதுதான்: 5-க்கு 4-உம் 3-உம் வேண்டும். அந்த 4-க்கும் 3 வேண்டும். ஒரே 3-ஐ இரண்டு தடவை கணக்கிடுகிறோம். 40-க்குப் போனால் மொத்தம் 20,46,68,309 அழைப்புகள். விடையே 16,55,80,141தான்!

சரி, சேமிப்போம்.

முதலில், ஃபங்ஷனுக்கு வெளியே ‘நினைவு’ என்று, எண்ணையும் அதன் விடையையும் ஜோடியாக வைக்கும் ஒரு காலி டிக்‌ஷனரி.

அடுத்து, ஃபங்ஷனின் முதல் வேலையாக, கேட்ட எண் ‘நினைவு’க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த விடையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இல்லையென்றால் பழையபடி கணக்கிட்டு, விடையை ‘நினைவு’க்குள் எழுதிவிட்டு, அப்புறம் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது 40-க்கு 77 அழைப்புகள் போதும்.

நான் முதன்முதலில் எழுதியபோது டிக்‌ஷனரியை ஃபங்ஷனுக்கு உள்ளே வைத்துவிட்டேன். ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக ஒரு காலி டிக்‌ஷனரி பிறக்கும், எதுவும் மிஞ்சாது. பிழைச் செய்தியும் வராது, விடையும் சரியாகவே இருக்கும், வேகம் மட்டும் வராது. பாதி நாள் போனது.

இத்தனையும் புரிந்த பிறகு, சுருக்கு வழி: பைத்தான் 3.9 முதல் ஃபங்க்டூல்ஸ் (functools) தொகுப்பில் ‘கேஷ்’ (cache) என்ற டெக்கரேட்டர், அதாவது ஃபங்ஷனின் உள்ளே கை வைக்காமலே அதற்குக் கூடுதல் வேலை சேர்க்கும் வரி, உண்டு. ஃபங்ஷன் தலைக்கு மேல் ஒரே வரி, வேலை முடிந்தது. ஆனால் அது எதையும் தானாகத் தூக்கிப் போடாது. மெமரி ஏறிக்கொண்டே போகும். வரம்பு வேண்டுமானால் அதே தொகுப்பின் ‘எல்ஆர்யு கேஷ்’ (lru_cache); நாம் எதுவும் சொல்லாவிட்டால் 128 விடைகள் வரை வைத்திருந்து, வெகுநேரமாகத் தொடாததைக் கழித்துவிடும். இரண்டுக்குமே லிஸ்ட்டை உள்ளீடாகக் கொடுத்தால் பிழை வரும். டூப்பிளாக, அதாவது மாற்ற முடியாத பட்டியலாக, ஆக்கிக் கொடுங்கள்.

இப்போதைய நேரத்தையோ தங்கம் விலையையோ தரும் ஃபங்ஷனுக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். காலையில் கேட்ட விலையையே சாயங்காலமும் சொல்லும்.