இதய நோயாளியின் சாப்பாட்டைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவரிடம் கேட்டால், "ரெண்டு இட்லி, ரசம் சோறு, ராத்திரி கோதுமை தோசை" என்பார். பொய்யாகவே இருக்காது. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முதல் நாள் யாரும் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றுவதில்லை. புரட்டாசியில் கேட்டால் மதுரையில் பாதிப் பேர் சைவம்; ஆடியில் கிடா வெட்டுக்குப் போய்வந்தவரிடம் கேட்டால் கதையே வேறு. ஒருநாள் கணக்கை வைத்து ஒருவரின் சாப்பாட்டுக்கு மார்க் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, அடுத்தடுத்து வராத மூன்று நாட்களையாவது கேட்க வேண்டும்.

காலை, மதியம், இரவு என்று மட்டும் கேட்பதும் பிசகுதான். நாலு மணிக்கு டீக்கடை வடையும், ராத்திரி பதினொரு மணிக்குக் கறிதோசையும் எந்த வேளையில் சேரும்? இந்த ஊரில் அதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

பெரிய தவறு, சாப்பிடுகிறவரிடம் மட்டும் கேட்பது. எண்ணெயும் உப்பும் சமைக்கிறவருக்குத்தான் தெரியும். அவரிடமும் "கொஞ்சமாத்தான் ஊத்துறீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். மளிகைச் சீட்டைக் கேளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 38 கிராம். 20 முதல் 30 கிராமுக்குள் இருப்பது நல்லது. உப்பும் அப்படியே: உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது அந்த வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் காலியானால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டிவிடும். கடையில் வாங்கும் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் இதில் சேரவில்லை. "நாங்க இந்துப்புதான்" என்றால் தள்ளுபடி கிடையாது, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த உப்பென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து.

அடுத்து, "சைவம்" என்றதும் நல்ல உணவு என்று குறித்துக்கொள்வது. மூன்று வேளையும் வெள்ளை அரிசி, தேங்காய்ச் சட்னி, சர்க்கரை போட்ட காபி, கூடவே முறுக்கு... இதுவும் சைவம்தானே! எதை விட்டார் என்பதோடு எது தட்டில் இல்லை என்பதையும் எழுத வேண்டும். காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும். இலை ஓரத்தில் வைத்த இரண்டு ஸ்பூன் பீன்ஸ் பொரியல் அதற்குக் காணாது. உருளைக்கிழங்கை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

"ஒரு கரண்டி" என்றால் எந்தக் கரண்டி என்று காட்டச் சொல்லுங்கள்.

கீரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மார்க் கூட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால், அதிலுள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். அவரிடம் கேட்க வேண்டியது, வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுகிறாரா என்பதைத்தான்.