ஷேர்வேரில் தமிழ்த் திரைக்காட்சி: முதல் நாளே செய்ய வேண்டியவை

செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம், பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் திருமண விருந்து, கோயிலில் தைப்பூசத் தொண்டர்களுக்கு விளக்கம். கோலாலம்பூரில் எந்தக் கூட்டமானாலும் திரையும் ப்ரொஜெக்டரும் வந்துவிட்டன. பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவரிடம் பெரும்பாலும் ஒரு பழைய மடிக்கணினிதான் இருக்கும். மாதச் சந்தா கட்டும் மென்பொருள் இருக்காது. இந்தக் குறிப்பு அவருக்காகத்தான். காசே கொடுக்காமலும் நல்ல திரைக்காட்சி செய்யலாம். சோதித்துப் பார்த்துப் பிடித்த பிறகு கொடுத்தும் செய்யலாம். தேர்ந்தெடுக்கும்போது எத்தனை அனிமேஷன் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். தமிழ் எழுத்து உடையாமல், வேறொரு கணினியிலும் அப்படியே வருகிறதா? அதை முதலில் பாருங்கள்.

எதை இறக்குவது?

ஷேர்வேர் என்றால் முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிடித்தால் பணம் கட்டுவது. அமெரிக்காவில் பாப் வாலஸ் 1983இல் தம்முடைய பிசி-ரைட் மென்பொருளை இந்த முறையில்தான் பரப்பினார்: வட்டைப் படியெடுத்து நண்பருக்குக் கொடுங்கள், பிடித்தவர் பணம் அனுப்பட்டும் என்றார். இன்றைக்கு அது ‘30 நாள் சோதனைப் பதிப்பு’ என்ற வடிவத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் சாஃப்ட்மேக்கர் நிறுவனம் தரும் பிரசென்டேஷன்ஸ் இந்த வகை. அதே நிறுவனம் ஃப்ரீஆஃபிஸ் என்ற பெயரில் வசதி குறைந்த பதிப்பை இலவசமாகவும் தருகிறது. லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ் ஷேர்வேர் அல்ல. 2010இல் ஓப்பன்ஆஃபிஸிலிருந்து பிரிந்த கட்டற்ற மென்பொருள். கெடு நாள் கிடையாது. படங்களைப் பார்க்கவும் சுருக்கவும் உதவும் இர்ஃபான்வியூ இரண்டுக்கும் நடுவில்: வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம், வணிகத்துக்குப் பதிவுக் கட்டணம். புதிதாகத் தொடங்குபவர் இம்ப்ரெஸையும் இர்ஃபான்வியூவையும் போட்டுக்கொண்டால் பெரும்பாலான தேவைகள் முடிந்துவிடும். கட்டண மென்பொருளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இறக்குவதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இடையிலுள்ள பதிவிறக்கத் தளங்களில் பெரிய பச்சைப் பொத்தான் பல நேரம் விளம்பரமாக இருக்கும். அதோடு வேண்டாத கருவிப்பட்டைகளும் ஒட்டிக்கொண்டு வரும்.

சோதனைப் பதிப்பு என்றால் நிறுவுவதற்கு முன்பே மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை நாள்? ஏற்றுமதி செய்யும் கோப்பில் நிறுவனத்தின் பெயர் நீர்க்குறியாக விழுமா? கெடு முடிந்த பிறகு உங்கள் கோப்பைத் திறக்க முடியுமா? கடைசிக் கேள்விதான் பலரைக் கவிழ்க்கிறது. கோப்பை அந்த மென்பொருளுக்கே உரிய வடிவத்தில் மட்டும் சேமித்துவிட்டு, 31ஆம் நாள் விழா என்றால் வழியே இல்லை. முதல் நாளிலிருந்தே பவர்பாயின்ட் திறக்கும் பிபிடிஎக்ஸ் வடிவத்திலும் ஒரு படி சேமித்து வையுங்கள். 30 நாள் கணக்கு நிறுவிய நாளிலிருந்து ஓடும் என்பதால், விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிறுவுவது நல்லது.

முதல் மணி நேரச் சோதனை

புதிய ஸ்லைடு ஒன்றைத் திறந்து இந்த வரியைத் தட்டச்சு செய்யுங்கள்: கொ கோ கௌ கெ கே கை ஸ்ரீ க்ஷ. இன்றைய கணினிகளின் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் ‘கொ’ என்பது க, அதன் பின் ஒற்றை உயிர்க்குறி என்று சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் எழுத்துருவாக்கப் பகுதியின் வேலை. அந்தப் பகுதி இல்லாத மென்பொருளில் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எட்டிப் பார்க்கும். வட்டத்தைப் பார்த்தால் வேறு எழுத்துரு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், மென்பொருளையே நீக்கிவிடலாம்.

வரி சரியாக வந்தால் அதே ஸ்லைடைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து, விரலியில் (பென் டிரைவ்) போட்டு, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். இங்கேயும் தேறினால்தான் அடுத்த ஸ்லைடு. (ஔகாரக் குறியை ‘ள’ எழுத்தாகத் தட்டச்சு செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் பின்னால் கோப்பில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது.)

பழைய கோப்பைத் திறந்ததும் தமிழுக்குப் பதில் புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வருகின்றனவா? கோப்பு கெட்டுப்போகவில்லை. யூனிகோடுக்கு முந்திய குறியாக்கத்தில் எழுதியது அது. முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் காலத்திலிருந்தே இந்நாட்டில் கணினித் தமிழ் புழங்குவதால், பள்ளிகளிலும் சங்கங்களிலும் இப்படிப்பட்ட கோப்புகள் நிறையக் கிடக்கின்றன. குறியாக்க மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிய பிறகே ஸ்லைடில் ஒட்ட வேண்டும்.

இம்ப்ரெஸில் தமிழை இயக்குதல்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் ‘ஃபான்ட் மாற்றினேன், தமிழ் மட்டும் மாறவில்லை’ என்று தவிக்கிறார்கள். லிப்ரெஆஃபிஸ் ஒவ்வொரு பாணிக்கும் தனித்தனி எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கும்: ஆங்கிலம், மலாய் போன்றவற்றுக்கு ஒன்று, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒன்று. ‘டூல்ஸ்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’ திறந்து, ‘லாங்குவேஜ்’ என்று தொடங்கும் பகுதிக்குப் போங்கள். ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற பெட்டியில் டிக் போட்டு, பக்கத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்த பிறகுதான் எழுத்து அமைப்புச் சாளரத்தில் தமிழுக்கான இரண்டாவது பகுதி தோன்றும். அளவையும் தடிப்பையும் அங்கே தனியாகக் கொடுக்க வேண்டும்.

எழுத்துரு எது? நோட்டோ சான்ஸ் தமிழ் என்பது எங்கள் பரிந்துரை. இலவசம், திறந்த உரிமம், மெல்லியதிலிருந்து தடித்தது வரை எல்லா எடையிலும் இருக்கிறது. லதா எழுத்துருவை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10 முதல் அது தானாக வருவதில்லை. தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பை யாராவது சேர்த்திருந்தால்தான் இருக்கும். இல்லாத கணினி நிர்மலா எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் அகலம் வேறு. வரி மடங்கி, கடைசி வரி ஸ்லைடுக்குக் கீழே போய்விடும். மேக் கணினியில் வரும் இணைமதி எழுத்துரு வேறு கணக்கு. அதனால் ‘ஃபைல்’ மெனுவில் ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘ஃபான்ட்’ பக்கம், ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ என்பதில் டிக் போடுங்கள். கோப்பு கொஞ்சம் பெரிதாகும், பரவாயில்லை. இந்த ஏற்பாடு லிப்ரெஆஃபிஸில் திறப்பவருக்கு மட்டுமே உதவும். மற்ற எல்லாருக்கும் பிடிஎஃப்தான் பாதுகாப்பு.

எழுத்து அளவு, வண்ணம்

ஸ்லைடு அளவை 16:9 என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் படங்கள் இழுபட்டுப் போகும். மண்டபத்தில் பழைய 4:3 ப்ரொஜெக்டர் இருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அவ்வளவுதான்.

தலைப்புக்கு 40, உள்ளே 28 புள்ளிக்குக் குறையாமல் வையுங்கள். மூன்று மொழியில் போட வேண்டிய கூட்டங்களில் தமிழ் வரிதான் எப்போதும் நீளும். இடம் போதாமல் மென்பொருள் தானாகவே எழுத்தைச் சுருக்கும். ஒரு ஸ்லைடில் 28, அடுத்ததில் 21 என்று தடுமாறுவது இதனால்தான். ‘ஷ்ரிங்க் ஆன் ஓவர்ஃப்ளோ’ என்ற அமைப்பை அணைத்துவிட்டு, சொற்களைக் குறையுங்கள். வரி இடைவெளி 110 முதல் 120 விழுக்காடு இருக்கட்டும். மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் ஒன்றையொன்று தொட்டால் பின்வரிசைக்காரருக்குக் கொசகொசவென்றுதான் தெரியும். இவற்றை ஒவ்வொரு ஸ்லைடிலும் செய்ய வேண்டாம். ‘வியூ’ மெனுவில் ‘மாஸ்டர் ஸ்லைடு’ திறந்து ஒரே தடவை அமையுங்கள்.

படிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். 14 அங்குல மடிக்கணினியின் திரை உயரம் ஏறக்குறைய 17.5 சென்டிமீட்டர். அதன் எட்டு மடங்கு 1.4 மீட்டர். மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டு அவ்வளவு தூரம் தள்ளி நின்று படியுங்கள். மண்டபத்தில் திரை உயரத்தைப் போல எட்டு மடங்கு தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து எப்படித் தெரியுமோ, அப்படித்தான் உங்களுக்கும் தெரியும்.

வண்ணத்தில் ஒரே எச்சரிக்கை. ப்ரொஜெக்டரால் கறுப்பு ஒளியை வீச முடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத திரைத் துணிதான். விளக்கு எரியும் மண்டபத்தில் அந்தத் துணி சாம்பலாக இருக்கும், கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வெளிறிவிடும். வெளிச்சம் உள்ள இடத்தில் வெளிர் பின்னணி, அடர்ந்த எழுத்து. விளக்கை அணைக்கும் விருந்தில் வேண்டுமானால் அதைத் திருப்பிப் போடலாம்.

படங்கள்

கைப்பேசிப் படம் ஒன்று 4000க்கு 3000 படப்புள்ளி (பிக்சல்), பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து எம்பி. அறுபது படம் சேர்த்தால் கோப்பு 200 எம்பியைத் தாண்டி, ஸ்லைடு மாறும்போது திக்கும். ப்ரொஜெக்டர் காட்டப்போவது பெரும்பாலும் 1920க்கு 1080தான். இர்ஃபான்வியூவின் தொகுதி மாற்றத்தில் நீளமான பக்கத்தை 1920 என்று கொடுத்து எல்லாப் படத்தையும் ஒரே மூச்சில் சுருக்குங்கள். மூலப் படங்கள் வேறு கோப்புறையில் பத்திரமாக இருக்கட்டும்.

சுருக்காமலேயே ஏற்கெனவே ஸ்லைடில் போட்டுவிட்டீர்களா? இம்ப்ரெஸின் ‘டூல்ஸ்’ மெனுவில் ‘மினிமைஸ் பிரசென்டேஷன்’ இருக்கிறது. அங்கே 90 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 90 படப்புள்ளி) என்பதற்குப் பக்கத்தில் ‘திரைக்கு’ என்ற பொருளில் எழுதியிருக்கும். அதை எடுக்காதீர்கள். இம்ப்ரெஸின் 16:9 ஸ்லைடு 28 சென்டிமீட்டர் அகலம், அதாவது 11 அங்குலம். 90ஆல் பெருக்கினால் 990 படப்புள்ளி. முழுத்திரைப் படம் பாதித் துல்லியத்துக்கு இறங்கி மங்கிவிடும். 1920 வேண்டுமென்றால் 175 தேவை. ஆகவே 200 என்பதே சரி.

திருமண விருந்தில் படம் மட்டும் ஓட வேண்டும் என்றால் இம்ப்ரெஸே தேவையில்லை. இர்ஃபான்வியூவின் ‘ஃபைல்’ மெனுவில் ‘ஸ்லைடுஷோ’ திறந்து படங்களைச் சேர்த்து, ஒரு படத்துக்கு 5 வினாடி என்று கொடுத்து, ‘லூப்’ டிக் போடுங்கள். 60 படம் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்று வரும். ‘ஷோ டெக்ஸ்ட்’ பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மணமக்கள் முகத்தின் மேல் கோப்புப் பெயர் ஓடும். பெயர்களை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். இதைத் தனியாக இயங்கும் எக்ஸி கோப்பாகவும் சேமிக்கலாம். ஆனால் மின்னஞ்சல் அதை ஏற்காது, சில கணினிகளில் வைரஸ் தடுப்பு மறித்துவிடும். விரலியில் படக் கோப்புறையும் கூடவே இருக்கட்டும்.

மண்டபத்தில்

மடிக்கணினியில் யூஎஸ்பி-சி துளை மட்டும் இருந்தால் ஹெச்டிஎம்ஐ மாற்றி தேவை. வாங்குவதற்கு முன் உங்கள் துளை திரை வெளியீடு தருமா என்று கணினியின் விவரக்குறிப்பில் பாருங்கள். எல்லாத் துளையும் தராது. புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவுக்கு மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குவது உத்தமம். பழைய ப்ரொஜெக்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் அதற்கும் ஒரு மாற்றி வேண்டும். விஜிஏ வழியாக ஒலி போகாது. காணொளி இருந்தால் ஒலிபெருக்கிக்குத் தனிக் கம்பி எடுத்துச் செல்லுங்கள்.

காணொளியைச் செருகும்போது ‘லிங்க்’ என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் உங்கள் கணினியில் அந்தக் கோப்பு இருக்கும் முகவரி மட்டுமே பதிவாகும்; வேறு கணினியில் வெறும் சாம்பல் கட்டம்தான் மிஞ்சும்.

செருகியதும் விண்டோஸ் விசையோடு ‘பி’ (P) அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். எஃப்5 தட்டினால் ஸ்லைடு பெரிய திரையிலும், குறிப்புகளும் அடுத்த ஸ்லைடும் உங்கள் திரையிலும் வரும். இரண்டும் இடம் மாறி வந்தால் ‘ஸ்லைடு ஷோ செட்டிங்ஸ்’ பகுதியில் திரையின் எண்ணை மாற்றுங்கள். பேச்சு நடுவே திரையைக் கறுப்பாக்க ‘பி’ (B) விசை. எட்டாம் ஸ்லைடுக்குத் திரும்ப 8 தட்டி என்டர். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் இந்த ‘பி’ (B) வேலை செய்யாமல் போகலாம், தொடங்குமுன் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்பையும் தூக்க நிலையையும் அப்போதே அணையுங்கள்.

விரலியில் மூன்று கோப்பு இருக்கட்டும்: மூலக் கோப்பு, பிபிடிஎக்ஸ் படி, பிடிஎஃப். மடிக்கணினி படுத்துவிட்டால் மண்டபத்தில் யாருடைய கணினியிலும் அந்தப் பிடிஎஃப் திறக்கும். அக்ரோபாட் ரீடரில் கன்ட்ரோலும் ‘எல்’லும் சேர்த்து அழுத்தினால் முழுத்திரை. அனிமேஷனும் காணொளியும் அதில் வராது, தமிழ் மட்டும் அப்படியே வரும்.