மாசு வெளிநாட்டுக்கு இடம்பெயர்ந்ததா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

ஒரு பணக்கார நாட்டில் காற்று மாசு குறைந்தால், அழுக்கான தொழில்களை ஏழை நாடுகளுக்குத் தள்ளிவிட்டதே காரணம் என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையா என்பதைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். வட அமெரிக்கத் தடையற்ற வணிக ஒப்பந்தம் பேச்சுவார்த்தையில் இருந்த 1991-இல், ஜீன் குரோஸ்மன், ஆலன் குரூகர் என்ற பொருளியலாளர்கள் மாசின் மாற்றத்தை அளவு, கலவை, நுட்பம் என மூன்று விளைவுகளாகப் பிரித்தார்கள். இன்றைய ஆய்வுகளுக்கும் அதுவே அடித்தளம்.

முதலில் கந்தக டை ஆக்சைடு போன்ற ஒரே ஒரு மாசுப்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் அடிப்படை ஆண்டு ஒன்றை நிர்ணயித்து, ஒவ்வொரு தொழில்துறையின் உற்பத்தி மதிப்பையும் (விலையேற்றத்தைக் கழித்து), ஓர் அலகு உற்பத்திக்கு அது வெளியிட்ட மாசையும் (மாசு விகிதம்) பட்டியலிடுங்கள். அடிப்படை ஆண்டு மாசு 100 என்றும், மொத்த உற்பத்தி 30 விழுக்காடு வளர்ந்தது என்றும் வைத்துக்கொள்வோம்; வேறெதுவும் மாறாதிருந்தால் மாசு 130 ஆகியிருக்கும்; கூடும் அந்த 30 அளவு விளைவு. அடுத்து, இறுதி ஆண்டில் ஒவ்வொரு துறையும் செய்த உற்பத்தியை அதன் பழைய மாசு விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். விடை 120 என்றால், குறைந்த 10 கலவை விளைவு. அதாவது அழுக்கான துறைகளின் பங்கு சுருங்கியதன் பலன். உண்மையில் வெளியான மாசு 50 என்றால், மீதமுள்ள 70 நுட்ப விளைவு, அதாவது துறைகளின் மாசு விகிதமே குறைந்ததன் பலன். தொழில்கள் வெளியேறியதன் தடயத்தை அந்த 10-க்குள்தான் தேட வேண்டும், அதிலும் உள்நாட்டு மக்களின் நுகர்வு மாறியதற்கு ஒரு பங்கு உண்டு.

பொருளியலாளர்கள் ஜோசப் ஷபிரோவும் ரீட் வாக்கரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பகுப்பில் தொடங்குகிறது. 1990-க்கும் 2008-க்கும் இடையில் அமெரிக்க ஆலைகளின் உற்பத்தி பெருகியும், முக்கியக் காற்று மாசுகளின் உமிழ்வு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவின் பெரும்பகுதி ஒரே வகைப் பொருளைச் செய்யும்போதே மாசு விகிதம் விழுந்ததால் வந்தது என்றும், அதற்குத் தலையாய காரணம் வணிகமோ உற்பத்தித் திறனோ அல்ல, கடுமையான சுற்றுச்சூழல் விதிகளே என்றும் அவர்கள் காட்டினார்கள். சட்டத்தால் பயனில்லை என்று சலித்துக்கொள்வோர் அவசியம் படிக்க வேண்டிய முடிவு இது.

துறைகளை அகலமாக வகுத்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். "உலோகம்" என்று ஒரே வரியில் எழுதினால், உருக்கும் வேலை வெளிநாடு போய், வார்த்து முடிக்கும் வேலை மட்டும் உள்ளே தங்கியதும் நுட்ப முன்னேற்றமாகத் தோன்றும். ஆகவே கிடைக்கக்கூடிய மிக நுண்ணிய வகைப்பாட்டைப் பயன்படுத்துங்கள். அத்துடன் இறக்குமதிப் பட்டியலுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: அழுக்கான தொழில்கள் பெருமளவில் வெளியேறியிருந்தால் இறக்குமதியில் அழுக்கான பொருள்களின் பங்கு கூடியிருக்க வேண்டும். பொருளியலாளர் ஆரிக் லெவின்சன் இப்படிச் சோதித்தபோது, அமெரிக்க இறக்குமதியும் தூய்மையான பொருள்களின் பக்கமே நகர்ந்திருந்தது.