மாஸ்க் வேலை செய்யவில்லையா? முதலில் மாஸ்க்கைத் திறந்து பாருங்கள்

படம் திருத்துகிற போட்டோஷொப் புரோகிராமில் லேயர் மாஸ்க் (லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள், மாஸ்க் அதில் வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைப்பது) வேலை செய்யவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, மாஸ்க்கைத் திறந்து பார்த்தீர்களா என்பதுதான். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். பிரஷ்ஷை மாற்றுவார்கள், புரோகிராமை மூடித் திறப்பார்கள், கடைசியில் பொறுமை போய் இரேசரை, அதாவது அழிப்பானை, எடுத்துப் படத்தையே அழித்துவிடுவார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கல்யாண ஆல்பம், சாமத்திய வீட்டு ஆல்பம் என்று இரவிரவாக இருந்து வேலை செய்கிற பிள்ளைகளின் உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மாஸ்க் என்பது ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். வெள்ளை உள்ள இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு உள்ள இடத்தில் மறையும், சாம்பல் உள்ள இடத்தில் பாதி தெரியும். ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் திரை முழுக்க வரும் (மக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்ஷன் விசை), திரும்பவும் அதையே செய்தால் பழையபடி ஆகிவிடும். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதியை இந்த ஒரு கிளிக் காட்டிக்கொடுக்கும்.

எல்லாவற்றிலும் அதிகமாக நடப்பது, மாஸ்க்கில் பூசுவதாக நினைத்துக்கொண்டு படத்தில் பூசுவது. காலி முகத்திடலில் எடுத்த ஜோடிப் படம், பின்னால் நிற்கிற ஆட்களை மறைக்கவேண்டும், கறுப்பு பிரஷ்ஷால் தேய்த்தால் ஆட்கள் மறையாமல் கறுப்புத் திட்டு விழுகிறது. காரணம், லேயரில் படம், மாஸ்க் என்று இரண்டு சின்னப் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, எதைச் சுற்றி மெல்லிய சட்டம் தெரிகிறதோ அதில்தான் நீங்கள் பூசுகிறீர்கள். சட்டம் கண்ணுக்குச் சரியாகப் படாவிட்டால் கருவிப் பட்டையின் கீழே இருக்கிற நிறப் பெட்டிகளைப் பாருங்கள், மாஸ்க் தெரிவாகியிருந்தால் அங்கே கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறம் நிற்காது. சிவப்பு நின்றால் நீங்கள் படத்தில் இருக்கிறீர்கள், கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, பூசியும் முழுசாக மறையாமல் ஆவி மாதிரி மிச்சம் தெரிவது. பிரஷ் கையில் இருக்கும்போது எண் விசை பட்டால் ஒபாசிட்டி, அதாவது பூச்சின் அடர்த்தி, மாறிவிடும், 5 பட்டால் 50 வீதம், 3 பட்டால் 30. மாஸ்க்கைத் திறந்து பார்த்தால் கறுப்பு என்று நினைத்த இடமெல்லாம் சாம்பலாக இருக்கும். 0 ஐ அழுத்தி 100க்குக் கொண்டுவாருங்கள், டி விசையால் நிறத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், எக்ஸ் விசையால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூசுங்கள்.

பிரஷ் ஒன்றுமே பூசாவிட்டால் வேறு கதை. ஒன்று, எங்கோ ஒரு செலக்‌ஷன் போட்டு மறந்திருப்பீர்கள் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தெரிவுசெய்வது, அதற்கு வெளியே பிரஷ் பூசாது), அதன் கோடும் கன்ட்ரோல் எச் பட்டு மறைந்திருக்கும், கன்ட்ரோல் டி அழுத்தினால் சரி. இல்லாவிட்டால் பிரஷ், பூசும் விதத்தை மாற்றுகிற மோடுகளில் ஒன்றான ஓவர்லேயில் கிடக்கும். அந்த மோடு தலைமயிர் ஓரத்துக்கு அருமையான சாமான், சாம்பலாக இருப்பதை மட்டும் வெளுப்பாக்கியோ கறுப்பாக்கியோ தரும், சுத்தக் கறுப்பையும் சுத்த வெள்ளையையும் தொடாது. ஆனால் வேலை முடிந்ததும் நோர்மலுக்கு மாற்றாமல் விட்டால் அடுத்த படத்தில் பிரஷ் பழுதாகிவிட்டது என்றே நினைப்பீர்கள்.

தலைமயிரும் பூச்சரமும்தான் நம்முடைய ஆல்பங்களில் உண்மையான கஷ்டம். ஓரத்தில் பழைய சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டு ஒளிவட்டம் மாதிரி நிற்கும். பலர் அதை மறைக்க ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதரைக் கூட்டுகிறார்கள், அது ஓரத்தை மசமசவென்று ஆக்கி ஒட்டுப்போட்ட படம் என்பதை இன்னும் உரத்துச் சொல்லும். அதைவிட மாஸ்க்கைத் தெரிவுசெய்து, கறுப்பு வெள்ளை அளவுகளை மாற்றும் லெவல்ஸைத் திறந்து கறுப்பு முனையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள், மங்கலான சாம்பல் கறுப்பாகி ஓரம் இறுகும். நிறம் அப்படியும் விடாவிட்டால் செலக்ட் அன்ட் மாஸ்க் என்ற பகுதியில், ஓரத்தில் ஒட்டிய நிறத்தை நீக்குகிற டீகன்டாமினேட் கலர்ஸ் இருக்கிறது, அது படத்தின் நிறத்தையே மாற்றுவதால் புது லேயராகத்தான் தரும், பழைய லேயரை வீசிவிடாதீர்கள்.

தாமரைக் கோபுரத்துக்குப் பின்னால் வானம் மாற்றுகிறவர்கள் ஒரு சங்கிலியைக் கவனிக்கவேண்டும். வானத்து லேயரை மாஸ்க் போட்டபின் முகிலைச் சற்று நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகர்ந்து கோபுரத்தின் மேல் வானம் ஏறிவிடும். இரண்டு சின்னப் படங்களுக்கும் நடுவே இருக்கிற சங்கிலி அடையாளத்தைக் கிளிக் செய்து கழற்றி, படத்தின் சின்னப் படத்தைத் தெரிவுசெய்து, அப்புறம் நகர்த்துங்கள்.

மாஸ்க் போடும் பொத்தானே உயிரில்லாமல் கிடந்தால் இமேஜ் மெனுவில் மோடைப் பாருங்கள். இணையத்தில் இறக்கிய லோகோக்கள், முக்கியமாக கிஃப் கோப்புகள், குறைந்த நிறங்களை மட்டும் வைத்திருக்கும் இன்டெக்ஸ்ட் கலர் மோடில் இருக்கும், ஆர்ஜிபிக்கு மாற்றினால் பொத்தான் வேலை செய்யும்.

இலவசமாகக் கிடைக்கிற கிம்ப் என்ற படம் திருத்தும் புரோகிராமைப் பாவிக்கிறவர்களுக்கும் இதே விதிதான், விசைகளில்தான் கவனம் வேண்டும். போட்டோஷொப்பில் மாஸ்க்கைக் கன்ட்ரோல் பிடித்துக் கிளிக் செய்தால் செலக்‌ஷன் வரும், கிம்ப்பில் அதே கிளிக் மாஸ்க்கை நிறுத்திவிடும், சின்னப் படத்தைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. போட்டோஷொப்பில் நிறுத்துவது ஷிஃப்ட் கிளிக், அங்கே சிவப்புப் பெருக்கல் குறி விழும்.

கடைசியாக, சேமிப்பது. ஜேபெக்கில் லேயரும் இருக்காது, மாஸ்க்கும் இருக்காது. லேயர்களோடு சேமிக்கிற போட்டோஷொப் கோப்பான பிஎஸ்டியாக (PSD) ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பெரிய பெனர் வேலையாகி 2 ஜிபியைத் தாண்டினால் பிஎஸ்பி (PSB). மாஸ்க்கைக் குப்பைத் தொட்டிக்கு இழுக்கும்போது அப்ளை பண்ணவா என்று கேட்டால் ஆம் சொல்லாதீர்கள், மறைத்ததெல்லாம் அந்த நிமிடமே அழிந்துவிடும். ஆல்பம் அச்சுக்குப் போகிற நாளில்தான் வாடிக்கையாளர் வந்து, பின்னால் நின்ற பெரியப்பாவைத் திரும்பவும் கொண்டுவர ஏலுமா என்று கேட்பார். மாஸ்க் இருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் இரண்டு நிமிட வேலை.