கோழிக்குப் பயம், மாத்திரைக்குத் துணிச்சல்: ஹார்மோன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊரில் ஒரு பெண் குழந்தை ஒன்பது, பத்து வயதில் வயதுக்கு வந்துவிட்டால், "எல்லாம் அந்த பிராய்லர் கோழி செய்யுற வேலை" என்று தெருவே சொல்லும். அதே தெருவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும், மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைச் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவார்கள். கோழிக்கு யாரும் ஹார்மோன் ஊசி போடுவதில்லை. அந்த மாத்திரைதான் ஹார்மோன்.

பிராய்லர் ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுவது, பல தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த இனத்தாலும் தீவனத்தாலும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம்; தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. குழந்தைகள் சீக்கிரம் பருவமடைய உடல் எடை கூடுவது ஒரு காரணம். எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினால் கோழியைத் திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், கார்டிசோல் எல்லாம் வேறு வகை. கொலஸ்ட்ராலிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இவை. இவற்றைப் போலச் செய்த மருந்துகள் வயிறு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும், மீனின் செவுள் வழியாகவும் போகும். துளியளவே போதும். அதனால்தான் இங்கே கவனம் வேண்டும்.

மாதவிடாயைத் தள்ளிப்போடக் கொடுப்பது பெரும்பாலும் நோர்எதிஸ்டிரோன், புரோஜெஸ்டிரோனைப் போலச் செய்த மருந்து. கருப்பையின் உள்சுவர் உதிராமல் பிடித்துவைக்கும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உதிரும். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கினால்தான் பலன். பால்குடத்துக்கு முந்தின இரவு ஓடிப்போய் வாங்குவதில் பயனில்லை. இது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. பெரிய தவறு, நாத்தனாருக்கு ஒத்துக்கொண்டது எனக்கும் ஒத்துக்கொள்ளும் என்று அதே அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது. இந்த மருந்தில் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. முன்பு ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் நோயுள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. மாத்திரை எடுக்கும் நாட்களில் ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைச்சதை வலி, திடீர் மூச்சுத்திணறல் வந்தால் திருவிழாவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்து முட்டி வலி. நாற்றங்காலிலும் நடவிலும் குனிந்தே காலம் தள்ளிய என் பெரியம்மா, ஒரு கடையில் பொட்டலம் கட்டித் தந்த மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டார். வலி பறந்துபோனது, முகம் பூரித்தது. பார்த்தவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். பொட்டலத்தில் இருந்தது டெக்ஸாமெத்தசோன், கார்டிசோலைப் போலச் செய்த ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறி, எலும்பும் தேயத் தொடங்கியிருந்தது. அப்புறம் யாரோ ஸ்டீராய்டு கெடுதல் என்று சொல்ல, ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்துவிட்டார்.

போர்செட்டுத் தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்போது யாரும் வாய்க்காலைத் தூர்வாருவதில்லை. திடீரென்று மோட்டார் நின்றால் வாய்க்காலிலும் தண்ணீர் வராது. உடம்பும் அப்படித்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசோல் சுரக்கும் தன் வேலையை விட்டுவிடும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயர் தெரியாத பொட்டல மாத்திரை, மூட்டுவலிப் பொடி, எடை கூட்டும் பவுடர் எதுவும் வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்து விற்பதுண்டு.

முகம் வெளுக்க ஸ்டீராய்டு களிம்பு பூசுவதும் இதே வகைதான். தோல் மெலிந்து சிவந்துபோகும். ஈரவயலில் நிற்பவர்களுக்கு வரும் படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். 2018 முதல் இந்தக் களிம்புகள் மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டியவை.

சரி, மிஞ்சிய மாத்திரையை என்ன செய்கிறோம்? கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம், இல்லையென்றால் வாய்க்காலில் வீசுகிறோம். கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை ஆராய்ச்சிக்காகவே கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான்; ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்கருப் புரதம் உண்டானது; ஒரு சின்ன மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. நம் கணக்கில் சொன்னால், ஒரு டி.எம்.சி. தண்ணீரில் சுமார் 140 முதல் 170 கிராம். மேட்டூர் திறந்தால் எத்தனை டி.எம்.சி. வரும் என்று விரல்விட்டு எண்ணும் நமக்கு அது எவ்வளவு சொற்பம் என்று புரியும். நாம் சாப்பிடும் மருந்தில் ஒரு பங்கு சிறுநீரோடு எப்படியும் தண்ணீருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அரசலாற்றிலும் வெண்ணாற்றிலும் கெண்டையும் கெளுத்தியும் பிடிக்கும் நாம் அதோடு அட்டை அட்டையாகவும் கொட்ட வேண்டாம்.

பழைய மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, வடிகட்டிய காபித்தூளோடு பிசைந்து, கவரில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். எருக்குழியில் போடாதீர்கள், அது மழையில் கரைந்து வயலுக்குத்தான் வரும்.