ஐந்து மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது: ஜப்பான் மலையூர்களில் செய்யக்கூடாத தவறுகள்

த்சுமாகோவில் என் முதல் ராத்திரிச் சாப்பாடு ஒரு டப்பா சோள சூப். வண்டிகள் நிறுத்துமிடத்துப் பக்கம் இருந்த தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டு எடுத்தது. கை பொறுக்காத சூடு. குடித்து முடித்த பிறகும் சோள மணிகள் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. டப்பாவைக் கவிழ்த்து, அண்ணாந்து, தட்டிக்கொண்டு நின்றேன். மணி ஆறேகால்தான். தெருவில் ஈ காக்கை இல்லை.

நாகானோ மாகாணத்தின் கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர் அது. கியோட்டோவுக்கும் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) மலை வழியாக நடந்து போனவர்கள் தங்கிய 69 சத்திர ஊர்களில் ஒன்று. அந்தப் பழைய பாதையின் பெயர் நாகசெண்டோ. பகலில் பார்த்தால் கடையும் கூட்டமுமாக இருக்கும். அதை நம்பித்தான் மோசம் போனேன்.

நான் செய்த தவறு இதுதான். விடுதி பதியும்போது இரண்டு விலை காட்டியது. ஒன்று ‘இப்பாகு நிஷோகு’, அதாவது ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. இன்னொன்று ‘சுதோமாரி’, வெறும் அறை. ஊருக்குள் ஒரு ஓட்டல்கூடவா இருக்காது என்று விலை குறைந்ததைத் தட்டிவிட்டேன். ஓட்டல்கள் இருந்தன. எல்லாம் மத்தியானத்துக்கானவை. நாலு மணிக்கே வாசல் திரையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள்.

யோசித்தால் நியாயம்தான். பகலில் வருகிற கூட்டம் மாலை பஸ்ஸில் போய்விடும். தங்குகிறவர்கள் விடுதியிலேயே சாப்பிடுவார்கள். அப்புறம் யாருக்காக அடுப்பு எரிய வேண்டும்? பல கடைகளை நடத்துவதும் வயதான ஒரு தம்பதிதான். தகயாமா போன்ற கொஞ்சம் பெரிய ஊரில் இரவு எட்டு, ஒன்பது வரைக்கும் ஏதாவது கிடைக்கும். த்சுமாகோ, மாகோமே, ஷிரகவா-கோ மாதிரி ஊர்களில் விடுதிச் சாப்பாட்டைத்தான் நம்ப வேண்டும்.

அந்தச் சாப்பாட்டிலும் ஒரு தவறுக்கு இடம் இருக்கிறது. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். ஆறரைக்கு மெதுவாக வந்து உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். ஆற்று மீனைக் குச்சியில் செருகி உப்புத் தடவிச் சுடுவார்கள். பத்துப் பேர் என்றால் பத்து மீன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சூப், வறுவல், சோறு எல்லாம் அந்த ஒரு நேரத்தைக் கணக்கு வைத்து இறக்கப்படும். அதனால் ஐந்து மணிக்குள் விடுதிக்குப் போய்விடுங்கள். பஸ் தவறிவிட்டால் உடனே போன் செய்து சொல்லுங்கள். வராமலே இருந்தாலோ, அன்றைக்கே ரத்து செய்தாலோ பெரும்பாலும் முழுப் பணமும் போய்விடும்.

மதியம் இரண்டு மணிக்குச் சோபா கிடைக்காது

உட்காருகிற சோபா இல்லை. பாப்பரை என்கிற பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். நெல் சரியாக விளையாத, குளிர்ந்த, சத்தில்லாத மண்ணிலும் இரண்டரை மாதத்தில் விளைந்துவிடும் பயிர் என்பதால் நாகானோ மலைகளில் சோபா ஊறிப்போன சாப்பாடு. நாகானோ நகரத்துக்கு மேலே இருக்கும் தொகாகுஷி இதற்குப் பேர்போனது. வட்ட மூங்கில் தட்டில் ஐந்து சின்னச் சின்னக் கொத்தாக வைத்துத் தருவார்கள்.

நல்ல சோபாக் கடைகள் காலையில் பிசைந்த மாவு தீரும்வரைதான் திறந்திருக்கும். பதினொரு மணிக்குத் திறந்து ஒன்றரைக்கே முடிந்துபோன கடை உண்டு. சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவகாசமாகச் சாப்பிடலாம் என்பது இங்கே வேலைக்கு ஆகாது. முதலில் சாப்பாடு, பிறகு கோயில். வாசலில் ‘நோரென்’ என்கிற துணித் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. திரை இல்லாமல் உள்ளே விளக்கு மட்டும் எரிந்தால் கதவைத் தள்ளாதீர்கள். வாசல் பலகையில் ‘ஜும்பி-சூ’ என்று எழுதியிருந்தால் தயாராகிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நடைமுறையில் அது ‘மூடியாச்சு’தான். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, அதுவும் புதன், வியாழன் என்று வார நடுவில் வரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பயந்து புதன்கிழமை போனால், ஊரே லீவில் இருக்கலாம்.

குளிர்ந்த சோபா வந்தால் சாஸைத் தூக்கி மேலே ஊற்றிவிடாதீர்கள். கொஞ்சம் எடுத்து, நுனியை மட்டும் கிண்ணத்துச் சாற்றில் தொட்டு, சத்தமாக உறிஞ்ச வேண்டும். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நூடுல்ஸ் ஒட்டிப்போகும். சாப்பிட்டு முடித்ததும் அரக்குப் பூசிய ஒரு கூஜாவில் கலங்கலாக, சூடாக ஒரு தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். கை கழுவ என்று நினைத்துவிடாதீர்கள். சோபா வெந்த தண்ணீர் அது; ‘சோபாயு’ என்பார்கள். மிச்சமிருக்கும் சாற்றில் ஊற்றிக் குடிக்க வேண்டும். வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். எனக்கு சோபாவைவிட இதுதான் பிடித்தது.

பக்வீட் ஒவ்வாமை இருப்பவர்கள் இந்தக் கடைகளில் உடோன் என்கிற கோதுமை நூடுல்ஸ் கேட்டும் தப்ப முடியாது. இரண்டும் ஒரே அண்டாவில் வெந்திருக்கலாம்.

‘கறி வேண்டாம்’ என்றால் போதாது

சைவ உணவுக்காரர்கள் ஜப்பானில் எங்கே போனாலும் திண்டாட்டம்தான். மலையூரில் இன்னும் அதிகம், ஏனென்றால் வேறு கடைக்குப் போக வழி இல்லை. ‘நிகு’ வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டு போகிறோம். நிகு என்றால் கறி. கறியை எடுத்துவிட்டு மீனை வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றால் மீனை எடுத்துவிட்டுக் காய்கறி மட்டும் போட்ட சூப் தருவார்கள், அந்தச் சூப்பின் தண்ணீரே மீனாக இருக்கும்.

அதுதான் ‘தாஷி’. மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சோபாச் சாறு, வேகவைத்த காய், முட்டைப் பொரியல் எதைத் தொட்டாலும் அடியில் அது இருக்கும். பெரும்பாலும் கத்சுவோபுஷி என்கிற காய்ந்த மீன் சீவலில் காய்ச்சுவது. இது நமக்குத் தெரியாத சரக்கும் இல்லை. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைத்தால் நம் மாசிக் கருவாடு; அவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் செய்து, காகிதம் போலச் சீவுகிறார்கள். மாசி போட்ட சம்பலைச் சைவம் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஆனால் அவர்கள் கண்ணுக்குத் தாஷி மீன் இல்லை, உப்பு மாதிரி ஒரு ருசி. ஏமாற்றுவதாக எண்ணிக் கோபப்படாதீர்கள்.

விடுதி பதியும்போதே எழுதிச் சொல்லுங்கள்: கறி, கோழி, மீன், கடலுணவு வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம், கடற்பாசி அல்லது காளான் தாஷி பரவாயில்லை. ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டு ஒன்று கையிலும் இருக்கட்டும். போய் இறங்கியபின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. தாஷி காலையிலேயே காய்ச்சி வைத்தாயிற்று. முடியாது என்று முன்கூட்டியே பதில் எழுதும் விடுதி இருந்தால் அதற்கு நன்றி சொல்லி வேறு இடம் பாருங்கள்.

தெருவில் தின்பவற்றில் வழி இருக்கிறது. நாகானோவின் ‘ஒயாகி’ நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி: கோதுமை மாவுக்குள் பரங்கி, மிசோ தடவிய கத்தரி, நொசாவானா கீரை ஊறுகாய் என்று பூரணம் வைத்துச் சுடுவது. கிசோவிலும் தகயாமாவைச் சுற்றியுள்ள ஹிடா பகுதியிலும் ‘கோஹெய் மோச்சி’: சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, வால்நட் மிசோ தடவி நெருப்பில் வாட்டுவார்கள். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைக் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டுக் குச்சியை அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது. தெருவில் குப்பைத் தொட்டி இருக்காது. எடுத்துக்கொண்டு நடந்தால் அந்தக் குச்சி உங்களோடு நாகோயா வரைக்கும் வரும்.

முழுச் சைவமாக, கவலையே இல்லாமல் சாப்பிட வேண்டுமென்றால் வகாயாமா மலையில் இருக்கும் கோயாசான் போங்கள். கூகாய் என்ற துறவிக்கு 816இல் கிடைத்த மலை அது. அங்கே ஐம்பது கோயில்கள் போல யாத்ரீகர்களுக்கு அறை தருகின்றன. அவர்கள் போடுவது ‘ஷோஜின்’ சமையல்: கறி, மீன் கிடையாது, வெங்காயம், பூண்டும் கிடையாது. எள்ளில் செய்த தோஃபு வாயில் வைத்ததும் கரையும். சாப்பாடு ஐந்தரை, ஆறுக்கே வந்துவிடும், காலையில் ஆறு, ஆறரைக்குப் பூஜை. ஒகுனோயின் இடுகாட்டில் கோபியோ பாலத்தைத் தாண்டிவிட்டால் படம் எடுக்கக் கூடாது.

ஊர் பார்க்கும் நேரம்

ஷிரகவா-கோவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போகிறார்கள். தகயாமாவிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிஷம்தான் என்பதால் காலை பத்திலிருந்து மத்தியானம் மூன்று வரை நிற்க இடம் இருக்காது. இதே ஊர் காலை எட்டு மணிக்கும் மாலை நாலரைக்கும் வேறு ஊர். அங்கேயே ஒரு ராத்திரி தங்குவது சரியான வழி. அதற்குப் பல மாதம் முன்னால் பதிய வேண்டும். பனிக்காலத்தில் சில நாட்கள் மட்டும் நடக்கும் விளக்கு அலங்காரத்துக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் போகவே முடியாது. தெரியாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஜப்பான்வரை போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

இரு கை கூப்பியது போலச் செங்குத்தாகச் சரியும் அந்தக் கூரை வீடுகளுக்குப் பெயரே ‘கஸ்ஷோ’, கைகூப்புதல். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தாலும் பல வீடுகளில் இன்னும் குடும்பம் நடக்கிறது. வாதா வீடு போலச் சில வீடுகளைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசல். துணி காய்கிற கொடிக்குப் பின்னால் போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னொன்று, நெருப்பு. எல்லாம் புல் வேய்ந்த கூரை. தெருவில் நடந்துகொண்டே சிகரெட் பிடிப்பதெல்லாம் அங்கே நடக்காது.

தகயாமாவில் நேர் எதிர்த் தவறு செய்கிறார்கள்: பத்தரைக்கு எழுந்து காலைச் சந்தைக்குப் போவது. மியகவா ஆற்றோரச் சந்தை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கி (குளிர்காலத்தில் எட்டு), பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். சிவப்பு டர்னிப் ஊறுகாயை வீட்டில் போட்டுக் கொண்டுவரும் பாட்டிகள் பதினொரு மணிக்கே கூடையை மூடிவிடுவார்கள்.

கமிகோச்சி என்கிற மலைப் பள்ளத்தாக்கு பற்றி ஒரே வரி: நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு தாண்டும்வரை மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் சொந்தக் காரில் உள்ளே விட மாட்டார்கள்.

பஸ், காசு, கரடி

நகரத்து ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிப் பழகிய பயண அட்டையை மலை பஸ்ஸில் நம்பாதீர்கள். பெரும்பாலும் பின்வாசலில் ஏற வேண்டும். ஏறியதும் சின்ன இயந்திரம் ஒரு நம்பர் சீட்டைத் துப்பும், எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் பலகையில் உங்கள் நம்பருக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது அந்தத் தொகையைச் சரியாகப் போட வேண்டும், மீதி வராது. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆயிரம் யென் நோட்டுக்குச் சில்லறை தரும் துவாரம் இருக்கும். பத்தாயிரம் யென் நோட்டை நீட்டினால் ஓட்டுநருக்கும் உங்களுக்கும் சங்கடம். பஸ் நின்றிருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஜேஆர் பாஸ் என்கிற ரயில் பயணச் சீட்டு தனியார் பஸ்களில் செல்லாது. கடைசி பஸ் எப்போது என்று தெரிய, இறங்கிய உடனே நிறுத்தத்தில் இருக்கும் அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வார நாளுக்கும் விடுமுறைக்கும் தனித்தனிக் கட்டம், கட்டம் மாற்றிப் படித்தால் கதை முடிந்தது.

காசை நகரத்திலேயே எடுங்கள். செவன் லெவன் கடையிலும் தபால் நிலையத்திலும் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும்தான், ஆனால் சிற்றூரில் செவன் லெவன் இருக்காது, தபால் நிலைய ஏடிஎம் மாலையிலேயே மூடிவிடும்.

மாகோமேயிலிருந்து த்சுமாகோ வரை எட்டு கிலோமீட்டர் நடை, மூன்று மணி நேரம். மாகோமேயில் தொடங்குங்கள், ஏற்றம் குறைவு. பெட்டியை இழுத்துக்கொண்டு கல் பதித்த பாதையில் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். சீசனில் காலையில் ஒரு ஊர்த் தகவல் மையத்தில் கொடுத்தால் மத்தியானம் அடுத்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். வழியில் கம்பத்தில் பெரிய மணிகள் தொங்கும். அலங்காரம் என்று நினைத்துச் சும்மா போகாதீர்கள், ஓங்கி அடியுங்கள். கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டும். 2025 அக்டோபரில் ஷிரகவா-கோவில் ஒரு வெளிநாட்டுப் பயணியைக் கரடி தாக்கியது பஸ் நிறுத்தத்தில், காட்டுக்குள் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு என்னைப் போல ஆறு மணிக்கு மேல் மாட்டிக்கொண்டால், அந்தச் சோள சூப்புக்கு ஒரு வழி இருக்கிறது. மறுநாள் காலை விடுதி அம்மா செய்து காட்டினார். திறந்ததும், குடிப்பதற்கு முன்னால், வாய்க்குச் சற்றுக் கீழே டப்பாவைக் கட்டை விரலால் அழுத்திக் குழியாக்கிவிட வேண்டும். பிறகு குடித்தால் சோளம் எல்லாம் சூப்போடு வந்துவிடும்.