அப்பா ஊருக்குப் போன நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்யாதீர்கள்

பழைய பேப்பர், எண்ணெய் டின், வார் அறுந்த செருப்பு, துணிக்கடைக் கட்டைப்பை என்று எதையும் வெளியே விடாத ஒருவர் நிறைய வீடுகளில் இருப்பார். பெரும்பாலும் அது சிக்கனம்தான், பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவைக் காட்டி யாரையும் நோயாளி ஆக்கிவிட வேண்டாம். ஆனால் கட்டில் முழுக்க மூட்டை ஏறி ஆள் தரையில் படுக்கிறார், அடுப்படியில் சமைக்க இடமில்லை, ஒரு காலி டப்பாவை எடுத்தாலே பதறிப்போகிறார் என்றால் விஷயம் வேறு. எதையும் தூக்கிப் போட முடியாத 'ஹோர்டிங் டிஸார்டர்' என்னும் மனநோயாக இருக்கலாம். முன்பெல்லாம் இதை ஓசிடியின் (வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் நோய்) ஒரு வகையாகப் பார்த்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்தது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இப்போது இருக்கிறது.

அதனால் முதலில் 'சோம்பேறி', 'கஞ்சம்' என்று திட்டுவதை விடுங்கள். எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவெடுப்பதே இவர்களுக்குப் பெரும் சிரமம், தப்பான பொருளைப் போட்டுவிடுவோமோ என்ற பயம் வேறு. திட்டினால் கூச்சம்தான் கூடும். அப்புறம் யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, போகி வருகிறதே என்று அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் கூடி, லோடு ஆட்டோவை வரவழைத்து மொத்தத்தையும் அள்ளிப் போடுவது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வருபவருக்கு அது வீட்டில் திருடு போன மாதிரி இருக்கும். நோய் அப்படியே இருப்பதால் வீடு மறுபடி நிறையும், உங்கள் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் போயிருக்கும்.

சரி, வேறு என்ன செய்வது? ஆபத்தான இடத்தில் தொடங்குங்கள்: கேஸ் அடுப்பைச் சுற்றி, சுவிட்ச் போர்டுக்குக் கீழே, ராத்திரி பாத்ரூம் போகும் வழி. "இந்தக் குப்பையை எப்ப தூக்கிப் போடப் போறீங்க?" என்று கேட்காமல், "அப்பா, ராத்திரி இந்தப் பக்கம் போறப்ப கால் தட்டுதே, இந்தப் பேப்பர் கட்டை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நாலு பேப்பரை மட்டும் எடுத்துக் கொடுத்து மீதியைத் திரும்ப அடுக்கினாலும் விடுங்கள், அந்த நாலை அவராகவே கொடுத்தார். அவர் கை வைக்கச் சொல்லாததைத் தொடாதீர்கள். பேப்பர்காரரை அவர் கண் முன்னால் கூப்பிடுங்கள், பணத்தையும் அவர் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இடம் போதவில்லை என்று புது பீரோ வாங்கித் தருவது. அதுவும் நிறைந்துவிடும். உள்ளே வருவது குறையாமல் வெளியே போவதை மட்டும் கணக்குப் பார்த்துப் பயனில்லை, ஆடித் தள்ளுபடிக்கும் இலவசமாகக் கிடைப்பதற்கும் அவரால் 'வேண்டாம்' சொல்ல முடிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து உதவும், பலருக்கு இருக்கவும் செய்கிறது. இந்த நோய்க்கென்று நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை சிபிடி என்னும் பேச்சு முறைச் சிகிச்சைதான், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா, 14416-க்கு அழையுங்கள்: மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் பேசி யோசனை கேட்கலாம்.

பொதுவாக இந்தப் பழக்கம் இளவயதில் லேசாகத் தொடங்கி வயதாக ஆகத்தான் முற்றும். நேற்றுவரை வீட்டைப் பளிச்சென்று வைத்திருந்த ஒருவர் எழுபது வயதில் திடீரென்று தெருவில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி வந்தால், மறதி நோயாகவோ மூளையில் வேறு பாதிப்பாகவோ இருக்கலாம். அவரை முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.